பொதுமக்களில் ஒருவர்

மேடம், வாட் இஸ் த ஃபேட் ஆஃப் த பாலிமர் ஆஃப்டர் ட்ரக் ரிலீஸ். மேடம் முதல்லயே வந்துறணும். கடைசியில போட்டா ஒண்ணாப்புப் பையன் ஒண்ணுக்குப் போகக் கேக்குற மாதிரி இருக்கும்னு பேச்சி சொல்லிருக்கா. கட்டுன பொண்டாட்டிய நாலு பேரு முன்னாடி மேடம்னு கூப்பிடணும், கூப்பிட்டாப் போச்சு, எனக்கென்ன வாயா வலிக்குது. ஃபேட்டுன்னா விதின்னு போன்ல பாத்தேன். பாலிமரோட தலைவிதி என்னன்னு கேக்க உசிலம்பட்டியில ஃபிளெக்ஸ் கடையப் பூட்டிட்டு வந்து இந்தக் குளுகுளு ஹால்ல கடைசிக்கு முந்துன வரிசையில உக்காந்திருக்கேன். என் தலைவிதி அப்படி. சிரிக்கக் கூடாது தவசி, பக்கத்துல பொரபசருங்க இருக்காய்ங்க. இது என்ன வழக்கமோ தெரியல, பி.எச்.டி. முடிக்கிறவங்கள மேடையில ஏத்தி விட்டு, யாரு வேணாலும் கேள்வி கேக்கலாம், பப்ளிக் வைவான்னு நோட்டீசு ஒட்டிருவாய்ங்களாம். யாரும் கேக்காம உக்காந்திருந்தா பாக்க நல்லாருக்காதுன்னு, கேள்விய இவங்களே சமைச்சு ஆளுக்கு ஒண்ணாப் பங்கு வச்சுக் குடுத்துருவாங்களாம். பேச்சிகூட லேப்ல இருக்குற ஜெனிட்டாவுக்கு ஒண்ணு, கண்ணாடி போட்ட அந்தத் தம்பிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எங்க ஊர்ல கூட்டத்துக்கு ஆள் சேக்குறதும் இதுதான, அங்க பிரியாணி, இங்க மிச்சர் பாக்கெட்டு. நீங்க யாருன்னு கேட்டா ஜெனரல் பப்ளிக்னு சொல்லுங்க மாமா, புருஷன்னு மட்டும் சொல்லிறாதீங்க, மானம் போயிரும்ங்கறா. அவ கட்டியிருக்குறது மாம்பழ மஞ்சப் பட்டு. என் சட்டையும் அதே மாம்பழ மஞ்சள். ரெண்டையும் ஒரே கடையில எடுத்தவ அவதான். பிறகு எங்கிட்டுப் பப்ளிக்.

பேசுறா பாருங்கடா. கையில சின்ன சிவப்பு லைட்ட வச்சுக்கிட்டுத் திரையில அங்கிட்டும் இங்கிட்டும் ஓட்டுறா. தண்ணி மாதிரி வருது இங்கிலீசு. இந்த வாய்தான் காலையில, மாமா வேட்டி கட்டாதீங்க, அவுந்து தொலைக்கும்னு கத்துச்சுன்னு இங்க யாருக்காச்சும் தெரியுமா. எனக்குப் புரியுற வார்த்தை வரும்போதெல்லாம் நிமிந்து உக்காந்துக்கிறேன். மேக்னட். பாலிமர். டார்கெட். கேன்சர். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் யாரு வாயில வந்தாலும் எனக்கு அடிவயித்துல பிடிக்கும், இவ வாயில வந்தாப் பிடிக்காது. இவ அத அதட்டுற மாதிரிச் சொல்லுவா. திரையில உருண்டை உருண்டையா ஒரு படம். அது எனக்குத் தெரியும், அந்தக் கொழுக்கட்டை. கல்யாணம் ஆன புதுசுல, நீ என்னதான் பண்றேன்னு கேட்டப்ப அடுப்படியில நின்னு சொன்னா: மாமா, உள்ள பூரணம் இருக்குல்ல, அது இரும்பு, காந்தம் இழுக்குற இரும்பு. மேல மாவு இருக்குல்ல, அது பாலிமர், உடம்பு உள்ள விடணும்ல, அதுக்கு. மருந்த அந்த மாவுல ஏத்திருவோம். மாவுக்கு மேல ஒரு விட்டமின் தடவுவோம், மாசமா இருக்குறவங்களுக்குக் குடுப்பாங்களே அந்த விட்டமின், கேன்சர் செல்லுக்கு அதுன்னா கொள்ளை ஆசை, வாயப் பொளந்துக்கிட்டு வாங்கி முழுங்கிரும். வெளிய இருந்து காந்தத்த வச்சுக் கட்டி இருக்குற எடத்துக்கு இழுத்துட்டோம்னா மத்த எடத்துக்கு விசம் போகாது. எம்புட்டுப் பெரிசுன்னு கேட்டேன். உங்க தலைமுடி ஒண்ண எடுத்துக் குறுக்க ஆயிரமாப் பொளந்தா அதுல ஒரு துண்டுன்னா. என் தலையில முடி எங்க இருக்குன்னேன். அன்னைக்குக் கொழுக்கட்டை அடி பிடிச்சுப் போச்சு. இந்தா, அதே கொழுக்கட்டைய இம்புட்டுப் பெரிய திரையில போட்டு, கோட்டு போட்ட மனுசங்க எல்லாம் தலைய ஆட்டிக்கிட்டுக் கேக்குறாங்க. எங்க சித்தப்பன் மகன் கேட்டான், பொண்டாட்டியப் படிக்க விட்டுட்டு நீ சோறு பொங்குறியாமேன்னு. ஆமடா, பொங்குனேன். குழம்பும் வச்சேன். இப்ப வந்து பாரு, எம் பொண்டாட்டி மேடையில நிக்கிறா, அஞ்சாறு பொரபசரு அவ வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நெஞ்சு சட்டைக்குள்ள கொள்ள மாட்டேங்குது. பித்தான் தெறிச்சுருமோன்னு பயமா இருக்கு.

காலுக்கடியில உருட்டிவிட்டா சத்தம் கேக்கும், மெதுவா வச்சுக்கணும். ஃபிளெக்ஸ் சுருளத்தான் சொல்றேன். பழைய பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து சேருக்கடியில வச்சிருக்கேன். பேச்சிக்குத் தெரியாது. ஜெனிட்டாவுக்கு மட்டும் தெரியும், அவதான் சொன்னா, ரிசல்ட்டு சொல்லாம வெளிய எடுத்துறாதீங்கண்ணே, அபசகுனம்னு இல்ல, கைடு திட்டுவாருன்னு. ஆறடிக்கு நாலடி. நானே உக்காந்து டிசைன் பண்ணது. பேச்சி வெள்ளக் கோட்டுல நிக்கிறா, பின்னாடி சூரியன் மாதிரி கதிர் கதிரா வருது, கீழ கேன்சருக்கு அடையாளமா ஒரு நண்டு மல்லாந்து கிடக்கு. மேல கொட்டை எழுத்துல, புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி வைத்த எங்கள் குலவிளக்கே. அதுக்குக் கீழ முனைவர் பே. பேச்சியம்மாள். புற்று, முற்று. எப்படி விழுந்துச்சு பாத்தீங்களா. இந்தத் தொழில்ல எனக்கு ஈடு எவனும் இல்ல. காதுகுத்தா, பூப்பு நீராட்டா, வட்டச் செயலாளர் பிறந்த நாளா, ஆளப் பாத்த உடனே எனக்கு வரி வந்துரும். விடிவெள்ளியே, வேங்கையே, தென்னாட்டுத் தேக்கேன்னு அடிச்சு விடுவேன். எவனும் இதுவரைக்கும் தம்பி இது நெசமில்லையேன்னு திருப்பிக் குடுத்ததில்ல. ஒரே ஒரு ஃபிளெக்சுக்குத்தான் எனக்கு வரி வரல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து உக்காந்து பாத்தேன், எத அடிச்சாலும் அழிச்சேன். கடைசியில படத்தையும் பேரையும் மட்டும் போட்டு அடிச்சேன். ஒச்சம்மா. அம்புட்டுத்தான். பாத்தவங்க, என்னடா அக்காளுக்கு ஒரு வரி எழுதக் கூடவா உனக்கு மனசில்லைன்னாய்ங்க. இத இப்ப எதுக்கு நினைக்கிறேன். மேடம், வாட் இஸ் த ஃபேட். பாலிமர். பாலிமர்தான், பாலிமார்னு சொல்லிறக் கூடாது.

இந்தா, அந்தப் படத்தப் போட்டுட்டா. கண்ணாடிக் குப்பி, உள்ள கருப்புத் தண்ணி, ஒரு பக்கமாக் காந்தம், தண்ணி மொத்தமும் அந்தப் பக்கமாச் சாஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் குப்பிய நான் கையில வாங்கியிருக்கேன். மருந்து ஏத்தாத வெறுந்துகள் மாமா, இருந்தாலும் லேப்ல தெரிஞ்சாத் தொலைச்சிருவாங்கன்னு, கைக்குட்டையில சுத்திக் கொண்டாந்தா, அக்காளுக்குக் காட்டுறதுக்காக. ஞாயித்துக்கிழமை மத்தியானம். அக்கா தலையில துண்டக் கட்டிக்கிட்டுக் கட்டில்ல சாஞ்சிருந்தா. மூணாவது தடவை மருந்து ஏத்தி வந்து, சோத்தக் கண்டாலே ஓங்கரிச்சுக்கிட்டு இருந்த நேரம். பழைய ஸ்பீக்கர்ல இருந்த காந்தத்தக் கழட்டி நான்தான் குடுத்தேன். அக்கா அதக் குப்பிக்கிட்டக் கொண்டு போனா, கருப்புத் தண்ணி எந்திரிச்சு வந்துச்சு. மேல கொண்டு போனா மேல வருது, கீழ இறக்குனாக் கீழ வருது. அக்கா சிரிச்சா பாரு, அம்புட்டு நாள் கழிச்சு. டேய் தவசி, இது நாய்க்குட்டி மாதிரிப் பின்னாலயே வருதுடான்னா. திரும்பத் திரும்பப் பண்ணிப் பாத்துட்டு, குப்பியக் கையிலயே வச்சுக்கிட்டுக் கேட்டா: ஏத்தா பேச்சி, இத எனக்குப் போடுவியா? அந்த நேரம் பாத்து என் போன் அடிச்சுச்சு. எவனோ ஒருத்தன், கிடாவெட்டு ஃபிளெக்சுல மாமனார் பேரு விட்டுப் போச்சுன்னு. எழவு, அவன் மாமனாருக்கு அந்த நேரந்தானா கிடைச்சுச்சு. வாசலுக்குப் போய்ப் பேசிட்டுத் திரும்பி வந்து பாக்குறேன், அக்கா பேச்சியோட கையப் பிடிச்சிருக்கா. பேச்சி என்ன சொன்னா? போடுறேன் மதினின்னு சொன்னாளா, போட முடியாதுன்னு சொன்னாளா? நான் கேக்கல. அன்னைக்கும் கேக்கல, அதுக்குப் பிறகும் கேக்கல.

எதுக்குக் கேக்கல. கேட்டா ரெண்டுல ஒண்ணு சொல்லணும்ல. முடியாதுன்னு சொல்லியிருந்தா, அக்காளுக்கு இருந்த ஒரு நம்பிக்கையவும் உடைச்சிருக்கா. போடுறேன்னு ஆசை காட்டியிருந்தா, பொய் சொல்லிருக்கா. ஏற்கனவே பொய் சொல்ல ஆளுக்கா பஞ்சம். ஸ்கேன் எடுத்த எடத்துல, ஒண்ணுமில்லம்மா சரியாயிரும்னாய்ங்க. மருந்து ஏத்துன எடத்துல, தொண்ணூறு பர்சண்ட்டு சரியாயிரும்னாரு அந்தப் பெரிய டாக்டரு, வாட்சப் பாத்துக்கிட்டே. சொந்தக்காரன் பூரா, எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு அம்மாவுக்கு இதே மாதிரி வந்து இப்ப பேரன் கல்யாணத்துல ஆடுறாங்கன்னான். நானும்தான் சொன்னேன். எந்திரிச்சு வந்துருவக்கா, தீபாவளிக்கு நீதான் அதிரசம் சுடணும்னு. அவ எல்லாரு முகத்தையும் பாத்துக்கிட்டுத் தலைய ஆட்டுவா. ஆனா பேச்சி ரூமுக்குள்ள வந்தா மட்டும் முகம் ஒரு மாதிரி லேசாயிரும். வாங்க டாக்டரம்மான்னு கூப்பிடுவா. இன்னும் டாக்டர் ஆகலை மதினின்னு இவ சொல்லுவா. என் வரைக்கும் நீ ஆயிட்டத்தாம்பா அக்கா. அது ஏன்? என்ன சொல்லி வச்சிருந்தா இவ? விசம் ஒடம்பு பூரா ஓடுச்சு, முடி போச்சு, நகம் கருத்துச்சு, வாயெல்லாம் புண்ணு, கட்டி மட்டும் போகல. இந்தக் கொழுக்கட்டை நேரா அங்க போயிருக்கும்ல, மத்த எடத்த விட்டுருக்கும்ல. இது வந்திருந்தா அக்கா இருந்திருப்பாளா. எலிக்குப் போட்டாளே, எங்க அக்காளுக்குப் போட முடியலையே. சே, என்ன நினைப்பு இது, நல்ல நாளும் அதுவுமா. அவ என்ன பண்ணுவா பாவம். நாயா உழைச்சா. கெமிக்கல் பட்டுக் கை பூரா வெடிச்சுப் போய் ராத்திரி தேங்காண்ணெய் தடவிக்கிட்டுக் கிடப்பா. நிமிந்து உக்காரு தவசி. மேடம், வாட் இஸ் த.

கை தட்டுறாங்க. முடிச்சுட்டா போல. நானும் தட்டுறேன், கொஞ்சம் சத்தமாத் தட்டிட்டேன், திரும்பிப் பாக்குறாய்ங்க. பாக்கட்டும். இப்ப வெளியூர்ல இருந்து மார்க்குப் போட வந்த எக்ஸ்டர்னல் எந்திரிக்கிறாரு. மலையாளத்துக்காரரு, வழுக்கை, வெள்ளச் சட்டை, முகத்துல ஒரு சிரிப்பு இல்ல. இந்த மனுசனப் பத்தித்தான் ஒரு வாரமா வீட்ல பேச்சு. திரையில ஒரு படத்தக் காட்டி என்னமோ கேக்குறாரு. லிவர், லிவர்ங்கறாரு. ஐயையோ, அந்தப் படம். அது எனக்குத் தெரியும். எலிக்குப் போட்ட துகள்ல பெரும்பங்கு கட்டிக்குப் போகல, ஈரலுக்குப் போயிருச்சு. காந்தம் வச்சு இழுத்தும் கொஞ்சந்தான் கட்டிக்குப் போயிருக்கு. வெறுமனே விட்டதுக்கு இது எவ்வளவோ தேவலைதான் மாமா, ஆனா பத்தாதுன்னு சொல்லிட்டு அன்னைக்குச் சாப்பிடாமப் படுத்துட்டா. அந்தப் படத்த எடுத்துரும்மா, எதுக்கு வம்பு, தீசிஸ்ல இருந்தாப் போதும், மேடையில எதுக்குன்னு கைடே சொன்னாராம். எடுக்க மாட்டேன்னுட்டா. நானும் சொன்னேன், எடுத்துரு பேச்சி, கடையில ரெண்டு ஃபிளெக்ஸ் சரியா வரலைன்னா வாசல்ல தொங்கவா விடுறோம்னு. முறைச்சா பாரு. இப்ப அனுபவி. அந்த ஆளு விடாமக் கேக்குறாரு. இவ முகத்துல வேர்வை. குளுகுளு ஹால்ல வேர்க்குது எம் புள்ளைக்கு. யோவ் விடுய்யா. யெஸ் சார்ங்கறா. மெஜாரிட்டி கோஸ் டு லிவர் சார்ங்கறா. அத எதுக்குடி யெஸ்சுங்குற, நோன்னு சொல்லேன். இத்தனை வருசப் பாடும் ஒரு ஈரல்ல போய் மாட்டிக்கிட்டு நிக்குது. அவரு பேப்பர்ல என்னமோ குறிச்சுட்டு உக்காந்துட்டாரு. நல்லதா கெட்டதான்னு ஒரு மூஞ்சியும் காட்ட மாட்டேங்குறாரு.

இப்ப கைடு எந்திரிச்சு எங்க பக்கம் பாக்குறாரு. எனி கொஸ்டின்ஸ் ஃப்ரம் த ஆடியன்ஸ். வந்துருச்சு. முதல்ல கண்ணாடித் தம்பி கேக்குறான், கேட்டுட்டு உக்காந்துட்டான். இந்தா ஜெனிட்டா. எந்திரிச்சுட்டா. மேடம், வாட் இஸ் த ஃபேட் ஆஃப் த பாலிமர். அடிப்பாவி. அடியே அது என் கேள்வி. ஆஃப்டர் ட்ரக் ரிலீஸ்னு முழுசாக் கேட்டு முடிச்சுட்டா. பதட்டத்துல மாத்திக் கேட்டுட்டா சனியன், கேட்ட பிறகு என்னையப் பாத்து நாக்கக் கடிச்சுக்கிறா. பேச்சி பதில் சொல்றா, எனக்கு ஒண்ணும் காதுல விழல. போச்சு. என்கிட்ட இருந்ததே அந்த ஒரு இங்கிலீசு. சரி, நல்லதாப் போச்சு, உக்காந்து மிச்சர் தின்னுட்டுப் போவோம். அடுத்து அந்தப் பின் வரிசையில மஞ்சச் சட்டை சார்னு கைடு கைய நீட்டுறாரு. அவருகிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சிருக்கா மகராசி. எந்திரிச்சுட்டேன். காலு தானா எந்திரிச்சுருச்சு. சேருக்கடியில இருந்த ஃபிளெக்ஸ் சுருளு உருண்டு முன் வரிசைக்குப் போகுது. போகட்டும். யூ ஆருன்னு வழுக்கை கேக்குறாரு. ஜெனரல் பப்ளிக் சார்ங்கறேன். ஹாலே சிரிக்குது. அவ சேலையப் பாத்துட்டு என் சட்டையப் பாக்குறாய்ங்க. பேச்சி தலையக் குனிஞ்சுக்கிட்டா. எனக்குச் சுர்ருன்னு வருது, என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு, பப்ளிக்னா மஞ்சச் சட்டை போடக் கூடாதா. வாயத் தொறக்குறேன், இங்கிலீசு ஒண்ணும் வரல. தமிழ்லே சோதிச்சோங்கோ, எனக்கு மனசிலாகும்னு, தமிழ்லயே கேக்கச் சொல்றாரு வழுக்கை. மேடம், அப்படின்னுட்டேன். மேடம் முதல்லயே வந்துருச்சு. மேடம், இது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எப்பங்க வரும். எங்க வீட்டுல ஒருத்தர் படுத்துக் கிடந்தா, இத அவங்களுக்குப் போடுவீங்களா.

சிரிப்பு நின்னு போச்சு. நான் என்னத்தக் கேட்டுத் தொலைச்சேன். அவ நிமிந்து பாக்குறா. ஹால்ல வேற யாரையும் பாக்கல, என்னைய மட்டும் பாக்குறா. வாயில வெரல வச்சு யோசிக்கிறா, சின்ன வயசுல இருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். பேச்சி, எதையாச்சும் சொல்லிரு, அஞ்சு வருசத்துல வந்துரும்னு அடிச்சு விடு, இவங்க கையத் தட்டிருவாய்ங்க, நான் உக்காந்துருவேன். அவ தமிழ்ல பேசுறா. இதே கேள்விய என்கிட்ட ஒருத்தங்க கேட்டாங்க. அந்தக் குப்பியக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். தெரியாது. இது மனுசங்களுக்கு வருமான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் உங்க வீட்டு ஆளுக்கு உள்ள நேரத்துல வராது. பாதிக்கு மேல ஈரலுக்குப் போகுது, அது ஏன்னு பாதிதான் கண்டுபிடிச்சிருக்கேன், மீதிய நான் கண்டுபிடிக்கலாம், எனக்குப் பின்னாடி வர்ற ஒருத்தி கண்டுபிடிக்கலாம். ஆனா விட மாட்டேன். அப்படின்னு சொன்னேன் அவங்ககிட்ட. அதுக்கு அவங்க, போதும்த்தா, நெசத்தச் சொன்னியே, விட்றாதன்னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க. பாட்டில எடுத்துத் தண்ணி குடிக்கிறா. எனக்கு உக்காரத் தெரியல, நின்னுக்கிட்டே இருக்கேன். இதானா அக்கா. இதுக்குத்தானா டாக்டரம்மான்னு கூப்பிட்ட. அம்புட்டுப் பேரும் சரியாயிரும் சரியாயிரும்னப்ப இவ ஒருத்திதான் உன்னைய ஆளா மதிச்சுத் தெரியாதுன்னு சொன்னாளா. இம்புட்டுப் படிச்சவங்க முன்னாடி, மார்க்குப் போட வந்தவரு முன்னாடி, தெரியாதுன்னு சொல்லிட்டு நிமிந்து நிக்கிறா பாருக்கா. எவன் சொல்லுவான் இத. வழுக்கை எந்திரிக்கிறாரு. அது உத்தரம், அதாணு உத்தரம்னு மலையாளத்துல, அதான் பதிலுன்னு சொல்லி அவருதான் முதல்ல கையத் தட்டுறாரு. கண்ணுல தண்ணி கொட்டுது எனக்கு, தொடைக்கணும்னு கூடத் தோணல. பப்ளிக் அழுகுறான், அழுதுட்டுப் போறான், உங்களுக்கென்ன.

அவளக் கொஞ்ச நேரம் வெளிய போகச் சொல்லி, உள்ள ரூம்ல கூடிப் பேசி, திரும்பக் கூப்பிட்டு, ரெக்கமண்டட் ஃபார் த அவார்டுன்னு வழுக்கை வாசிச்சப்ப பேச்சி முனைவர் பேச்சியம்மாள் ஆயிட்டா. பொன்னாடை போடுறாய்ங்க. கைடு கால்ல விழுகுறா. ஆளாளுக்கு என் கையப் பிடிச்சுக் குலுக்குறாய்ங்க, நல்ல கேள்வி சார்ங்கறாய்ங்க. வெளிய வாகை மரத்துக்கிட்ட எல்லாரும் போன நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அண்ணே ஃபிளெக்ஸ எடுங்கண்ணே, இப்ப எடுக்கலாம்னு ஜெனிட்டா குதிக்கிறா, கேள்வியத் திருடுன தெம்புல. முன் வரிசையில இருந்து பொறுக்கிட்டு வந்த சுருள எடுத்துப் பேப்பரப் பிரிக்கிறேன். ஒரு பக்கத்த அவகிட்டக் குடுத்துட்டு மெல்ல விரிக்கிறேன். கொட்டை எழுத்துல முதல் வரி வருது, புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி. எனக்குக் கூசிப் போச்சு. உள்ள நின்னு அந்தப் பதிலச் சொல்லிட்டு வந்தவ தலைக்கு மேல இதையா பிடிப்பேன். நான் வாழ்க்கையில எழுதுனதுலயே நல்ல வரி இது, போகட்டும். ஜெனிட்டா, மேல மடிம்மா, பின்பக்கமா, இன்னும் கொஞ்சம், எழுத்து தெரியக் கூடாது, அப்படித்தான். இப்ப படமும் பேரும் மட்டும் இருக்கு. ஒச்சம்மாவுக்குப் போட்ட மாதிரியே. நண்டையும் கீழ மடிச்சுட்டேன், அது இன்னும் சாகலையே. பேச்சி மாலையும் கழுத்துமா வர்றா, பாத்துட்டு நிக்கிறா, சிரிக்கிறா, பொன்னாடைய வச்சு மூக்கத் தொடைக்கிறா. பிறகு கிட்ட வந்து மடிப்பத் தடவிப் பாக்குறா. விவரமானவள்ல. என்ன மாமா, மேல மடிச்சிருக்கு? பிரிண்டு தப்பாயிருச்சுங்கறேன். உங்க கடையிலயா, தப்பா? நம்ப மாட்டேங்குறா. என்ன எழுதியிருந்தீங்க, சொல்லுங்க மாமாங்கறா. தெரியாதுங்கறேன்.